தக்காளி விதைக்கு ஓர் இடம், சுரை விதைக்கு வேறு இடம்

விதைக்கடையில் வீரிய ஒட்டு, அதாவது கலப்பினத் தக்காளி விதை கேட்டால் பெரும்பாலும் 10 கிராம் பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 முதல் 350 தக்காளி விதை இருக்கும். மாடியில் பத்துச் செடிப்பை வைத்திருப்பவர் மூவாயிரம் செடிக்கான விதையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அதே கடையில் பாகல் 10 கிராம் வாங்கினால் ஐம்பது, அறுபது விதைதான். வெண்டை என்றால் நூற்றைம்பதிலிருந்து இருநூறு. கீரை விதை எண்ணவே வேண்டாம், கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவதால்தான் பல வீடுகளில் மூன்று வருடப் பழைய தக்காளி பாக்கெட் அலமாரியில் கிடக்கிறது, சுரை விதை மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் பற்றாமல் போகிறது. எந்தக் கடை நல்ல கடை என்று கேட்பதைவிட, எந்தக் காய்க்கு எந்த இடம் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். எல்லா விதையையும் ஒரே இடத்தில் வாங்குபவருக்கு ஏதாவது ஒன்றிரண்டு காயாவது கைவிட்டுப் போகும்.

அட்டையில் பார்க்க வேண்டியது

எங்கே வாங்கினாலும், அச்சடித்த பாக்கெட் என்றால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த நாள், முளைப்புத்திறன், காலாவதி நாள் இருக்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மை நிலை விதைக்கு வெளிர்பச்சை அட்டை. சான்று விதையைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு வெள்ளை. வீட்டுத் தோட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் உண்மை நிலை விதைதான். அதாவது, அட்டையில் எழுதியதற்கு விற்பவரே பொறுப்பு, சான்றளிப்புத் துறை வயலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் அது மட்டமான விதை என்று ஆகிவிடாது.

பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் அந்த முளைப்புத்திறன் செல்லும். "பேக் செய்த நாள்" என்று மட்டும் போட்டு, பரிசோதித்த நாளைப் போடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். போன வருட விதையை இந்த வருடம் பொட்டலம் கட்டினாலும் பேக் செய்த நாள் புதிதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: குறைந்தபட்ச முளைப்புத்திறன் பயிருக்குப் பயிர் வேறு. தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பெரும்பாலான கொடிக்காய்களுக்கும் 60. பத்து மிளகாய் விதை போட்டு ஆறு முளைத்தால் விதை சரியாகத்தான் இருக்கிறது. விற்றவரைத் திட்ட வேண்டியதில்லை.

பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும்

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், அதன் பெரியகுளம், பாலூர், கிள்ளிகுளம் போன்ற கல்லூரி, ஆராய்ச்சி நிலையங்கள், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள், தோட்டக்கலைத் துறையின் பண்ணைகள் என்று இந்தப் பக்கம் வழிகள் பல. ரகப் பெயரிலேயே ஊர் தெரியும்: கோ என்றால் கோயம்புத்தூர், பி.கே.எம் என்றால் பெரியகுளம், பி.எல்.ஆர் என்றால் பாலூர், கே.கே.எம் என்றால் கிள்ளிகுளம்.

இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி ரகங்கள், ஒட்டு அல்ல. பி.கே.எம் 1 தக்காளி, பி.எல்.ஆர் கத்தரி, கோ 1 பாகல், கோ 2 பரங்கி எல்லாம் அந்த வகை. இவற்றின் விதையை நீங்களே எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். விலையும் குறைவு. கீரைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்லலாம். கோ 3 கிள்ளுக்கீரை ஒரு முறை தூவினால் இருபதாம் நாளில் முதல் கிள்ளு, பிறகு வாரம் ஒன்றாகப் பத்து முறை வரை கிள்ளலாம். கடையில் வெறும் 'கீரை விதை' என்று வாங்கினால் அது வேரோடு பிடுங்கும் தண்டுக்கீரையா, கிள்ளும் வகையா என்று கடைக்காரருக்கே தெரியாது. செடிமுருங்கைக்கு பி.கே.எம் 1 விதையை இங்கிருந்து வாங்குவதுதான் பாதுகாப்பு. வெளியில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அதுவாக இருப்பதில்லை.

குறை என்ன? கையிருப்புதான். நினைத்த நேரத்தில் நினைத்த ரகம் இருக்காது. அலுவலக நேரத்தில், வேலை நாளில் போக வேண்டும். ஆடி பிறந்த பிறகு போனால் கேட்ட ஐந்தில் இரண்டுதான் கிடைக்கும், ஆனி மாதத்திலேயே போய்விடுவது நல்லது. போவதற்கு முன் போன் செய்து, "காய்கறி விதை இருக்கா" என்று பொதுவாகக் கேட்காமல் ரகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளை (தொகுப்பு) புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லது. பை, தென்னை நார்க்கட்டி, உயிர் உரம், வேம்பு மருந்து எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் அதிலுள்ள விதைக்காக மட்டும் அதை வாங்கத் தேவையில்லை.

பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். அர்கா என்று தொடங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. இணையத்தில் பணம் கட்டினால் தபாலில் அனுப்புகிறார்கள். அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் ஒட்டு. நிலத்தில் தக்காளி போட்டு, பூக்கும் நேரத்தில் செடி திடீரென்று பச்சையாகவே துவண்டு சாகிறது என்றால் பெரும்பாலும் அந்த வாடல் நோய்தான். அங்கே நாட்டு விதையை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை, எதிர்ப்புள்ள விதைதான் வழி. புது மண்கலவை நிரப்பிய பைகளில் அந்தத் தொல்லை குறைவு என்பதால் மாடிக்காரர்கள் இதற்காக அலைய வேண்டாம்.

ஊரிலுள்ள விதைக்கடை

உரக்கடையோடு சேர்ந்த விதைக்கடைகள் விவசாயிக்காக இருப்பவை. அதனால்தான் பாக்கெட் அளவும் விவசாயிக்கு ஏற்றபடி இருக்கிறது. இருந்தும் வெண்டைக்கு முதலில் இங்கேதான் போகச் சொல்வேன். காரணம் மஞ்சள் நரம்பு நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது. இளம் இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரியும், பிறகு காயும் வெளுத்து முற்றிப்போகும். வந்துவிட்டால் மருந்தில்லை, பிடுங்கிப் போட வேண்டியதுதான். பூசா சவானி ஒரு காலத்தில் இதைத் தாங்கிய ரகம், பின்னால் தாங்கவில்லை. அர்கா அனாமிகாவும் பல இடங்களில் முன்போல் தாங்குவதில்லை. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடாகப் புது ஒட்டுகளை இறக்குவது தனியார் கம்பெனிகள்தான். தை, சித்திரையில் விதைக்கும் வெண்டைக்கு இந்த எதிர்ப்பு கட்டாயம். வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகும்.

கடையில் கவனிக்க வேண்டியது பாக்கெட் எங்கே இருக்கிறது என்பது. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, வாசலில் வெயில் படுகிற கம்பியில் தொங்கும் காகித உறையை யோசித்துப் பாருங்கள். அட்டையில் 70 என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் விதைக்குத் தெரியாது. அலுமினியத் தாள் பையோ மூடிய டப்பாவோ கேளுங்கள், உள் அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெங்காயம், மிளகாய், வெண்டை மூன்றும் சீக்கிரம் கெடுபவை, இவற்றில் கறாராக இருங்கள். தக்காளியும் கொடிக்காய்களும் கொஞ்சம் பொறுக்கும்.

ரசீது வாங்காமல் வராதீர்கள். குவியல் எண் எழுதிய ரசீது இருந்தால்தான் விதை ஆய்வாளரிடம் புகார் நிற்கும். உரிமம் பெற்ற கடை ரசீது தர வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிறது.

பெரிய டப்பாவைப் பிரித்து, சின்ன பிளாஸ்டிக் உறையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போட்டுத் தரும் கடைகளும் உண்டு. வீட்டுக்கு அளவு கச்சிதம், ஆனால் குவியல் எண்ணும் நாளும் அந்த உறையோடு வராது. டப்பாவின் அட்டையைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு வாங்கலாம். விதை இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், மீந்ததைக் கோழிக்குப் போடாதீர்கள்.

நாட்டு விதை

விதைத் திருவிழாக்கள், விதை சேகரிப்பாளர்கள், பக்கத்து வீட்டு அக்கா. கட்டுரையில் அதிகம் பேச வேண்டிய இடம் இது. இங்கேதான் மிக நல்ல விதையும் மிக மோசமான விதையும் ஒரே மேசையில் இருக்கும்.

இங்கே அட்டை இருக்காது. அது தப்பும் இல்லை. தான் விளைவித்த விதையைப் பெயர் முத்திரை (பிராண்ட்) போடாமல் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. அட்டை இல்லாததால் அட்டை சொல்ல வேண்டியதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். எந்த மாதம் எடுத்த விதை? எத்தனை செடியிலிருந்து? பக்கத்தில் அதே இனத்தில் வேறு ரகம் இருந்ததா?

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சான்று விதை வயலில்கூட ரகத்துக்கு ரகம் 25 மீட்டர் இடைவெளி போதும். அவரை, தட்டைப்பயறு, கொத்தவரையும் பெரும்பாலும் அப்படித்தான். கத்தரிக்கு 100 மீட்டர், மிளகாய்க்கும் வெண்டைக்கும் 200 மீட்டர் வேண்டும். சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணிக்கோ 500 மீட்டர், ஏனென்றால் பூச்சிகள்தான் அங்கே தரகர். ஒரே தோட்டத்தில் குடுவைச் சுரையும் நீளச் சுரையும் சேர்த்துப் போட்டு, பூச்சி புகாதபடி பூவைக் கட்டி, கையால் மகரந்தம் சேர்க்காமல் எடுத்த விதையில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று வரும்.

கலப்பு உருவத்தோடு நின்றால் பரவாயில்லை. கசப்புள்ள காட்டுச் சுரை, பேய்ப்பீர்க்கு வேலியோரம் இருந்து அதன் மகரந்தம் ஏறிய விதையானால், காய் பார்க்க நல்ல காயாகவே இருக்கும், வாயில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பு விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். வேகவைத்தாலும் போகாது. நாட்டுச் சுரை முதல் காயை அறுத்ததும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் காயைத் தூக்கிப் போட்டுக் கொடியையும் அறுத்துவிடுங்கள்.

அவரைக்கும் மொச்சைக்கும் வேறு பரிசோதனை. விதையை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக, குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்தால் வண்டு வெளியே போன வழி. ஓட்டை இல்லாமல், தோலின் மேல் சுண்ணாம்புப் புள்ளி ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது முட்டை, வண்டின் புழு உள்ளே போயிருக்கும் அல்லது போகப்போகிறது. அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்ற விதையோடு வைத்தால் ஒரு மாதத்தில் எல்லாம் மாவாகிவிடும். சாம்பலில் புரட்டிய விதை, சாணத்தில் தட்டிச் சுவரில் காயவைத்த பூசணி விதை என்று இருந்தால் அழுக்கு என்று ஒதுக்காதீர்கள், அது பார்த்து எடுத்த விதை. மிளகாய் விதை வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்புப் படர்ந்திருந்தால் பழ அழுகல் நோய் விதையோடு வருகிறது.

ருசிக்காகப் போடும் காய்க்கு நாட்டு விதைதான். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு மண்ணுக்கும் சேர்த்துக் கொடுத்தது. சென்னை மாடியில் தென்னை நாரில் வளர்த்தால் அதே ருசி வரும் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுவோம். சமவெளித் தோட்டத்தில் எடுத்த "நாட்டு முட்டைக்கோஸ் விதை", "நாட்டு பீட்ரூட் விதை" என்று யாராவது நீட்டினால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். அந்தப் பயிர்கள் பூத்து விதைக்க வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். நம் சமவெளியில் அது நடக்காது. எங்கோ வாங்கிப் பிரித்த கம்பெனி விதையாகத்தான் இருக்கும். இவற்றைக் கடைப் பாக்கெட்டிலேயே வாங்கலாம்.

இணையத்தில்

அளவு சின்னதாகக் கிடைப்பதுதான் இதன் பலம். இருபது விதை, ஐம்பது விதை என்று எண்ணிக்கையில் விற்கிறார்கள். மாடிக்கு அது கச்சிதம், ஒரு விதையின் விலை மட்டும் கூடும். ரகப் பெயரும் பரிசோதித்த நாளும் படத்தில் தெரிந்தால் வாங்குங்கள். "40 வகை காய்கறி விதைகள்" என்ற காம்போவைத் தொடாதீர்கள். அதில் பாதி உங்கள் ஊர்ப் பருவத்துக்கு ஒத்துவராதது, மீதியில் ரகப் பெயரே இருக்காது. நீலத் தக்காளி, வானவில் மிளகாய் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து உறவினரிடம் சொல்லித் தபாலில் விதை வரவழைப்பது வேண்டாம். இறக்குமதிக்குத் தாவர நலச் சான்றும் அனுமதியும் வேண்டும். கேட்காமலே விதைப் பொட்டலம் வந்தால் விதைக்கக் கூடாது என்று 2020-இல் மத்திய அரசு எச்சரித்ததும் இதே காரணத்தால்தான், விதையோடு புது நோய் வந்துவிடும்.

மளிகைக்கடையும் நாற்றுப் பண்ணையும்

மல்லி, வெந்தயம், கடுகு, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கு விதைக்கடையே தேவையில்லை. மல்லியின் ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு விதை ஒட்டியிருக்கும். செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து, பதினைந்து நாளில் வரும். வாசனைக்காக வறுத்த மல்லி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தைத் தக்காளியைப் பிழிந்து போடுவது வேடிக்கைக்குச் சரி. அது பெரும்பாலும் ஒட்டின் பிள்ளை, பத்துச் செடி பத்து விதமாக நிற்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆறு ஏழு செடி மட்டும் போதும் என்பவர் விதையே வாங்க வேண்டாம். ஓசூர், ராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கம் குழித்தட்டு நாற்றுப் பண்ணைகள் நிறைய. மற்ற ஊர்களிலும் நர்சரிகளில் கிடைக்கிறது. தக்காளி 25 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள் நாற்றாக, பூ வைக்காததாகப் பாருங்கள். தட்டிலேயே பூத்த நாற்று வேர் சுருண்டுபோனது, நட்டாலும் வளராது. இலையின் அடியைத் திருப்பி வெள்ளை ஈ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைரஸையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். வெண்டை, கொடிக்காய், அவரை, முள்ளங்கியை நாற்றாக வாங்காதீர்கள், நேரடியாக விதைப்பதுதான் சரி.

ஆகப் பத்துப் பை வைத்த மாடிக்கு ஆடிப்பட்டத்தில் இப்படிப் பிரிக்கலாம்: தக்காளியும் மிளகாயும் நாற்றாக, வெண்டை கடையில் ஒட்டாக, கீரையும் செடிமுருங்கையும் பல்கலைக்கழகத்தில், கத்தரியும் அவரையும் தெரிந்தவரிடம் நாட்டு விதையாக, மல்லி சமையலறையிலிருந்து. சுரை, பீர்க்கு, பாகலில் மட்டும், விதை கொடுப்பவர் ஒரே ரகம் வைத்திருப்பவர் அல்லது பூவைக் கட்டி விதை எடுப்பவர் என்று தெரிந்தால் அவரிடம், தெரியாவிட்டால் கோ, அர்கா ரகங்கள். நிலம் உள்ளவர், பத்து சென்ட்டுக்கு மேல் போடுபவர், தக்காளியையும் பாக்கெட்டாகவே வாங்கலாம். அந்த 10 கிராம் அவருக்குத்தான்.

வாங்கி வந்த பிறகு

எந்த இடத்து விதையானாலும் இருபதை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. வெண்டை ஐந்தாறு நாளில், தக்காளி ஒரு வாரத்தில், கத்தரி, மிளகாய் பத்துப் பன்னிரண்டு நாளில் முளை காட்டும். பதினான்கு முளைத்தால் 70 சதவீதம், குழிக்கு ஒன்றாகப் போடலாம். எட்டு, ஒன்பது என்றால் குழிக்கு மூன்று. ஐந்துக்குக் கீழே என்றால் ரசீதோடு கடைக்குப் போங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதை எறியும் பழக்கத்தைச் சுரை, பாகலில் நம்பாதீர்கள். ஓட்டுக்குள் காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும்.

ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. இந்தச் சோதனையை ஜூன் கடைசியிலேயே முடித்தால் விதையை மாற்றி வாங்க நாள் இருக்கும். மீந்த விதையைக் காகித உறையில் போட்டு, பெயரும் குவியல் எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி, அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்ட கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் வேர்த்துப் படிந்தால் அத்தனை நாள் காப்பாற்றியது வீண்.